அருந்தாதவர் பிழிந்த மது

1902ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே, தென் பிரான்சின் மொன்பெலியே நகர நீதிமன்றத்தில் நூற்றுக்கு மேற்பட்ட அல்ஜீரிய உழவர்கள் கைதிகளாக நிறுத்தப்பட்டனர். அல்ஜியர்ஸ் நகருக்கு மேற்கே, சக்கார் மலைச் சாரலில் உள்ள மார்க்கரீத் என்னும் குடியேற்றக் கிராமத்தை 1901 ஏப்பிரில் 26ஆம் நாள் தாக்கினர் என்பதும், ஐரோப்பியர் ஐவரைக் கொன்றனர் என்பதும் அவர்கள்மீது சாட்டப்பட்ட குற்றம். கிராமம் சில மணி நேரமே அவர்கள் வசம் இருந்தது. பின்னர் படை வந்தது. விசாரணைக்குக் காத்திருந்த காலத்திற் சிலர் சிறையிலேயே மாண்டனர்.

வழக்கு கடல் கடந்து மொன்பெலியேவுக்கு வந்ததில், எவரும் கருதாத ஒரு பொருத்தம் இருந்தது. அந்நகரைச் சூழ்ந்த நாடு முழுவதும் முந்திரிகைத் தோட்டம். கூண்டில் நின்றவர்களின் காணி பறிபோனதும் முந்திரிகைத் தோட்டத்தின் பொருட்டே. நீதிமன்றத்துக்கு வெளியே நின்ற பிரெஞ்சுக் குடியானவனுக்கும் உள்ளே நின்ற அல்ஜீரிய உழவனுக்கும் இடையே ஒரே கொடி ஓடியது. அதை இருவரும் அறிந்திலர். அக்கொடியின் வரலாற்றையே நாம் இங்கு ஆராய விரும்புகிறோம்.

முந்திரிகையை அல்ஜீரியாவுக்குப் பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்தனர் என்று எண்ணுவது தவறு. உரோமர் ஆண்ட காலத்திலேயே அங்கு மது பிழியப்பட்டது. இஸ்லாம் பரவிய பின்னரும் கொடி அழியவில்லை. பழமாக உண்ணப்பட்டது, வற்றலாக உலர்த்தப்பட்டது. கபீலிய மலைநாட்டிலே மரங்களிற் படரவிட்ட கொடிகள் அத்திக்கும் ஒலிவுக்கும் அயலாக வளர்ந்தன. ‘அஹ்மர் பூ அஹ்மர்’ என்னும் செந்நிறப் பழம் அந்நாட்டுக்கே உரியது, உண்பதற்கு உகந்தது. குடியேற்ற ஆட்சி கொண்டுவந்தது கொடியையன்று. ஒரு நாட்டின் நிலத்தைப் பிறிதொரு நாட்டின் பீப்பாய்க்காக உழும் முறையையே.

1830இல் பிரெஞ்சுப் படை அல்ஜீரியாவில் இறங்கியது. முதல் ஐம்பது ஆண்டுகள் குடியேறியோர் பருத்தி, புகையிலை, கோதுமை என்று பலவற்றையும் முயன்று பார்த்தனர். மது அப்போது பெரும் பொருளன்று. தாய்நாட்டில் அது வேண்டிய மட்டும் கிடைத்தது. நிலைமையை மாற்றியது ஒரு பூச்சி. அமெரிக்காவிலிருந்து வந்த பிலொக்சரா என்னும் அந்நுண்பூச்சி முந்திரிகையின் வேரை உறிஞ்சிக் கொடியைப் பட்டுப்போகச் செய்வது. 1860களில் தென் பிரான்சிற் காணப்பட்ட அது இருபது ஆண்டுகளில் நாடெங்கும் பரவியது. 1875இல் எட்டுக் கோடி ஹெக்டோலீற்றருக்கு மேலாயிருந்த பிரெஞ்சு மது உற்பத்தி, 1880களின் இறுதியில் மூன்று கோடிக்கும் கீழே வீழ்ந்தது. குடித்துப் பழகிய நாட்டுக்கு மது தேவை. பாரிஸ் வணிகருக்குச் சரக்கு தேவை. அல்ஜீரியாவில் நிலம் ‘இருந்தது’.

அந்நிலம் எவ்வாறு ‘இருந்தது’ என்பதைக் கூறவேண்டும். 1871இல் மொக்ரானியின் தலைமையிற் கிளர்ந்த மக்களை அடக்கிய அரசு, தண்டனையாக அவர்களின் காணியைப் பெருமளவிற் பறித்தது. ஆயின் துப்பாக்கி செய்ததைவிடச் சட்டம் செய்தது அதிகம். 1873ஆம் ஆண்டின் வார்னியேச் சட்டம், குடும்பமும் குலமும் பொதுவாக ஆண்ட நிலத்தைத் தனித்தனி உரிமையாக்க வகை செய்தது. இதன் பயனாக, ஒருவரிடம் சிறிய பங்கொன்றை விலைக்கு வாங்கிய வெளியார் எவரும், காணி முழுவதையும் பிரித்துத் தருமாறு வழக்கிட முடிந்தது. பிரிக்கவியலாதென நீதிமன்றம் கண்டால் ஏலம். ஏலத்தில் வாங்கப் பணம் வைத்திருந்தவன் யார் என்பதைச் சொல்ல வேண்டுமா? வழக்குச் செலவே சில வேளைகளிற் காணியின் பெறுமதியை விழுங்கியது. பிரிபடாத முதுசக் காணியின் பங்கு வழக்கு எத்தகையதென்பதை யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. மார்க்கரீத்தில் ரிகா குலத்தார் தம் காணியின் பெரும் பகுதியை இழந்தது இவ்வழியிலேதான். இழந்த நிலத்திலே அவர்களே கூலிகளாக நின்று பிறருக்குக் கொடி நட்டனர்.

1880 அளவில் அல்ஜீரியாவில் ஏறத்தாழ 20,000 ஹெக்டேயரில் இருந்த முந்திரிகை, நூற்றாண்டு முடிவில் 150,000 ஹெக்டேயரை எட்டியது. 1930களில் 400,000 அளவுக்கு வந்தது. அல்ஜீரிய வங்கி கடனை வாரி வழங்கியது; சிறு குடியேற்றக்காரன் கடனில் மூழ்கியபோது அவனது தோட்டம் பெருந்தோட்டத்துடன் சேர்ந்தது. அல்ஜீரிய மது சுங்கமின்றிப் பிரான்சுக்குள் நுழைந்தது. 1892இன் காப்பு வரியோ இசுப்பானிய மதுவைத் தடுத்தது. 1934இல் உற்பத்தி ஏறத்தாழ 2 கோடி 20 இலட்சம் ஹெக்டோலீற்றர். அல்ஜியர்சுக்கு அருகில் ஸ்தாவுவேலியில், 1830இற் படையெடுத்து வந்தோர் முதற் பெரும் போரை நடத்திய மண்ணிலே, கத்தோலிக்கத் துறவிகள் மடமும் தோட்டமும் அமைத்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது பொர்ஜோ குடும்பத்தின் கைக்கு மாறியது. அக்குடும்பத்தவர் ஒருவர் பின்னர் பிரெஞ்சு செனற் சபையில் அமர்ந்தார். கொடியும் ஆட்சியும் ஒரே கையில் இருந்தமைக்கு இதற்குமேற் சான்று வேண்டியதில்லை.

எவ்வினக் கொடிகள் நடப்பட்டன என்பதும் கவனிக்கத்தக்கது. கரின்யான், சின்சோ, கிரனாஷ், அலிகாந்த் பூஷே ஆகியவை முன்னணியில் நின்றன. நிறைய விளைவதும் வெயிலைத் தாங்குவதுமே கரின்யானின் தகுதி. அலிகாந்த் பூஷே என்பது தென் பிரான்சில் வாழ்ந்த பூஷே குடும்பத்தார் ஒட்டிப் பிறப்பித்த இனம். பிற கரும்பழங்களிற் பெரும்பாலானவற்றுக்குத் தோல் மட்டுமே நிறமுடையது. இதற்கோ சதையும் சாறும் சிவப்பு. சுவைக்காக எவரும் இதை நாடினாரில்லை. பிறிதொரு மதுவுக்குச் சாயமேற்றவே நாடினர். பூச்சிக்குப் பின் தென் பிரான்சின் சமவெளியில் மீண்டும் நடப்பட்ட அராமொன் கொடி வெளிறிய, சாரமற்ற மதுவைத் தந்தது. மஸ்காரா, மெதேயா, திலெம்சன் மலைச் சரிவுகளின் மதுவோ கரியது, கடுமையானது. முன்னதிற் பின்னதைக் கலந்தால் விற்கத்தக்க சரக்கு கிடைக்கும். வணிகர்கள் இதனை ‘வைத்திய மது’ என்று அழைத்தனர்: நோயாளி பிரெஞ்சு மது, மருந்து அல்ஜீரிய மது. புட்டியில் ஒட்டிய பெயர் மட்டும் நோயாளியினுடையது. முதல் உலகப் போரிற் பிரெஞ்சுப் போர்வீரனுக்கு நாள்தோறும் அளக்கப்பட்ட மதுவிலும் இம்மண்ணின் சாறு கலந்திருந்தது.

இத்தொழிலின் நுட்பத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. வெப்ப நாட்டிலே தொட்டியிற் பொங்கும் சாறு மிகச் சூடேறினால் நொதி மடிந்து மது கெடும். குழாய்களிற் குளிர்நீர் ஓட்டிச் சாற்றைத் தணிக்கும் முறையை அல்ஜீரியத் தோட்டங்கள் பெருமளவிற் கையாண்டன. பின்னர் பிற வெப்ப நாடுகளும் பின்பற்றின. தொட்டிக்குக் கிடைத்த தண்மை தொட்டியைக் கழுவிய கூலிக்குக் கிட்டவில்லை. கொடி நறுக்கவும் குலை கொய்யவும் கபீலிய மலைகளிலிருந்தும் மொறொக்கோவின் ரிஃப் மலைகளிலிருந்தும் பருவத்துக்குப் பருவம் ஆட்கள் இறங்கினர். தம் மார்க்கம் விலக்கிய பானத்தைத் தாம் அருந்தாமலே பிழிந்தனர். 1954இல், ஏறத்தாழ 22,000 ஐரோப்பியப் பண்ணைகள் 27 இலட்சம் ஹெக்டேயரை ஆண்டன. 630,000 அல்ஜீரியப் பண்ணைகளுக்கு 73 இலட்சம். தலைக்கு 120க்கு மேல் ஒரு புறம், 12க்குக் குறைவு மறு புறம். நல்ல சமவெளி எப்புறம் இருந்தது என்பதைக் கணக்குச் சொல்வதில்லை.

மொன்பெலியேவுக்குத் திரும்புவோம். 1903 பெப்ருவரியில் தீர்ப்பு வந்தது. நிலம் பறித்த கதையை வழக்கறிஞர்கள் மன்றிலே விரித்துரைத்திருந்தனர், மரண தண்டனை எவருக்கும் விதிக்கப்படவில்லை, பெரும்பாலோர் விடுதலையாயினர், தலைவர்கள் கடூழியத்துக்கு அனுப்பப்பட்டனர். நான்கே ஆண்டுகளின் பின், 1907 யூன் 9ஆம் நாள், அதே நகரிற் பல இலட்சம் மக்கள் திரண்டனர். இம்முறை வந்தவர்கள் பிரெஞ்சு முந்திரிகைக் குடியானவர்கள். மது விலை அடியோடு சரிந்திருந்தது. பெருவணிகர் சர்க்கரையும் நீரும் சேர்த்துப் போலி மது செய்தனர். அல்ஜீரிய மதுவும் சந்தையை நிறைத்தது. நார்போன் நகரில் இராணுவம் சுட்டு மக்கள் மாண்டனர். அப்பகுதிக் குடியானவரின் பிள்ளைகளைக் கொண்ட 17ஆம் படைப்பிரிவு கிளர்ந்தது. கிளர்ந்தவர்களைப் பிரதமர் கிளெமென்சோவின் அரசு துனீசியாவின் காப்சாவுக்கு அனுப்பியது. வட ஆபிரிக்க உழவனை மொன்பெலியேவுக்கும் மொன்பெலியே உழவனை வட ஆபிரிக்காவுக்கும் அனுப்பிய அரசு ஒன்றே. ஆயினும் பிரெஞ்சுக் குடியானவனின் கோபம் நெடுங்காலம் ‘அல்ஜீரிய மது’ என்ற பெயர்மீதே பாய்ந்தது. அதை விற்றவனையும் அதற்காக நிலமிழந்தவனையும் அவன் பிரித்தறியவில்லை.

விடுதலைப் போர் 1954 நவெம்பரில் மூண்டபோது, போராளிகள் இரவிலே தோட்டங்களிற் புகுந்து கொடிகளை வெட்டினர். கொடி அவர்களுக்குப் பயிரன்று, ஆட்சி. எனினும் 1960இல் உலகிலேயே மிகுதியான மதுவை ஏற்றுமதி செய்த நாடு அல்ஜீரியாவாகவே இருந்தது. 1962இல் விடுதலை வந்தது, குடியேறியோர் கப்பலேறினர், 1963இல் அவர்களின் தோட்டங்கள் அரசுடைமையாயின, பொர்ஜோ தோட்டமும் அவற்றுள் ஒன்று. தொழிலாளர் குழுக்கள் தோட்டங்களைத் தாமே நடத்த முற்பட்டன. அவர்களுக்குக் கிடைத்ததோ தாம் அருந்தாத பண்டம், ஒரேயொரு வாடிக்கையாளன், அவ்வாடிக்கையாளன் நேற்றைய எசமானன். பிரான்சு கொள்முதலைக் குறைத்தது. 1970இல் ஐரோப்பியப் பொதுச் சந்தை, வெளிநாட்டு மதுவைத் தன் மதுவுடன் கலப்பதைத் தடைசெய்தது. சாயத்துக்கும் கலப்புக்குமெனவே வளர்க்கப்பட்ட கொடிக்கு இது மரண ஓலை. சோவியத் ஒன்றியம் 1969 முதல் ஆண்டுதோறும் ஏறத்தாழ 50 இலட்சம் ஹெக்டோலீற்றர் வாங்க உடன்பட்டது. பிரான்சு கொடுத்த விலையிலும் மிகக் குறைந்த விலை அது. தோழமை நாட்டின் பேரம் என்பதற்காக நாம் அதை மறைக்கப் போவதில்லை.

பின்னர் கொடிகள் பிடுங்கப்பட்டன. தானியத்துக்கு நிலம் வேண்டுமென்ற அரசின் வாதம் நியாயமானதே. ஆனால் கோதுமையைவிட முந்திரிகைக்கு ஆட்கள் பன்மடங்கு தேவை. வேர் பிடுங்கப்பட்ட இடங்களிற் கூலி வேலையும் பிடுங்கப்பட்டது. சரிவுகளிற் கொடி மண்ணைப் பிடித்து நின்றதும் பிடுங்கிய பின்னரே தெரிந்தது. இன்று அந்நாட்டில் எஞ்சிய கொடிகளிற் பெரும்பகுதி உண்ணும் பழத்துக்குரியது.

அல்ஜீரிய மதுவின் வெள்ளம் இவ்வாறு வற்றிய பின், 1976 மார்ச் மாதம் 4ஆம் நாள், நார்போனுக்கு அருகே மொன்ரெடோனில் முந்திரிகைக் குடியானவர்கள் மீண்டும் தெருவை மறித்தனர். துப்பாக்கிகள் வெடித்தன, ஒரு குடியானவனும் ஒரு காவற்படை அதிகாரியும் மாண்டனர். அம்முறை அவர்கள் எதிர்த்தது இத்தாலிய மதுவை.