மஞ்சாடியும் மில்லிகியூரியும்: ராமையா நாயுடுவும் நம் பக்கத்து மருத்துவப் பௌதிகவியலின் தொடக்கமும்

மன்னார்த் தோட்டவெளியில் கதிர்ச் சிகிச்சையை யாரும் அந்தப் பெயரால் சொல்வதில்லை. "கரண்ட் பிடிக்கப் போறா" என்பார்கள். பூநகரி வழியாகத் தெல்லிப்பழைக்கோ, மதவாச்சி வழியாக அனுராதபுரத்துக்கோ, இன்னும் தூரமாக மகரகமவுக்கோ போய்த் திரும்பும் ஒருவரின் கழுத்தில் மையால் கீறிய கோடுகள் இருக்கும். கோடு அழியாமல் குளிக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருப்பார். டொக்டரின் பெயர் ஊருக்கே தெரியும். அந்தக் கோட்டின் வழியே எவ்வளவு கதிரை, எத்தனை நாளுக்குப் பிரித்து, எந்த ஆழத்துக்குச் செலுத்துவது என்று கணக்குப் போட்டவரின் பெயர் யாருக்கும் தெரியாது. அவர்தான் மருத்துவப் பௌதிகவியலாளர். அந்தத் தொழில் நம் பக்கத்துக்கு எப்படி வந்தது என்று தேடிப் போனால், பாதை மதனப்பள்ளியில் பிறந்த ஒரு தெலுங்கரிடம் போய்ச் சேருகிறது. அவர் ராமையா நாயுடு.

ரொன்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டது 1895இல். கியூரி தம்பதி ரேடியத்தை அறிவித்தது 1898இல். இரண்டும் மருத்துவர்களின் கைக்கு மிக விரைவாக வந்து சேர்ந்தன, ஆனால் அளக்கும் முறை உடன் வரவில்லை. தோல் சிவந்தால் கதிர் போதும் என்பதே நெடுங்காலம் அளவாக இருந்தது. தோல் சிவப்பது ஆளுக்கு ஆள் மாறும். கறுத்த தோலில் அதைக் காண்பதே கடினம். உலகம் பொதுவாக ஏற்றுக்கொண்ட 'ரொன்ட்ஜன்' என்ற அலகு 1928இல் ஸ்டொக்ஹோமில் கூடிய மாநாட்டில்தான் பிறந்தது. நியூயோர்க் மெமோரியல் வைத்தியசாலையில் ஜியோக்கினோ ஃபெய்லாவும் 1919இல் அவருடன் சேர்ந்த எடித் குவிம்பியும், மான்செஸ்டரில் பேட்டர்சனும் பார்க்கரும், ரேடியத்தை எப்படி அடுக்கினால் திசுவுக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்பதற்கு அட்டவணைகள் வகுத்தார்கள். மருத்துவமனைக்குள் பௌதிகவியலாளருக்கு ஓர் இருக்கை கிடைத்தது அப்படித்தான்.

இலங்கைக்கு இதில் பங்கில்லை என்று எண்ணிவிட வேண்டாம். 1904இல் சப்ரகமுவப் பகுதியில் கிடைத்த கனமான கறுப்புக் கனிமம் ஒன்றை அடையாளம் கண்டவர் ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்து குமாரசுவாமியின் மகன். அப்போது இலங்கைக் கனிம அளவைத் துறையின் பணிப்பாளர். கலை வரலாற்றாளராக மட்டுமே நாம் நினைவில் வைத்திருக்கும் அதே மனிதர்தான். தோரியனைட் என்று பெயர் பெற்ற அந்தக் கனிமம் லண்டனில் வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்துக்குப் போனது. 1905இல் ஒட்டோ ஹான் என்ற இளம் ஜெர்மானியர் அதிலிருந்து ரேடியோதோரியத்தைப் பிரித்தெடுத்தார். இரண்டு ஆண்டுகளில் அவரே கண்டறிந்த மீசோதோரியம், விலை உயர்ந்த ரேடியத்துக்குப் பதிலாக மருத்துவத்தில் பயன்பட்டது. மன்னார்க் கரைக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், சிப்பியைத் திறக்காமலே உள்ளே முத்து இருக்கிறதா என்று எக்ஸ்-கதிரால் பார்க்கும் முயற்சி இலங்கை முத்துக்குளிப்பில் நடந்தது. முத்தும் எலும்பைப் போலக் கல்சியம் செறிந்தது. கதிரை மறித்து நிழல் தரும்.

அளவு இந்தக் கரைக்குப் புதிதும் அல்ல. அரிப்பிலும் சிலாவத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் முத்து வாங்கிய செட்டிமார், ஒரே அகலமுள்ள பத்துப் பித்தளைச் சல்லடைகளை வைத்திருந்தார்கள். முதலாவதில் 20 துளைகள், கடைசியில் 1000. ஒவ்வொன்றாகச் சலித்து, எதில் முத்து தங்குகிறது என்று பார்த்துத் தரம் பிரித்து, பிறகு மஞ்சாடிக் கணக்கில் நிறுத்தார்கள். ஒரு பொருளின் மதிப்பைக் கண்ணால் மட்டும் தீர்மானிக்கக்கூடாது என்ற அந்த நெறியைத்தான் ராமையா நாயுடு வைத்தியசாலைக்குள் கொண்டு போனார்.

அவர் பாரிசில் மேரி கியூரியின் ஆய்வுகூடத்தில் பயின்றார். பொலோனியத்தின் ஆல்ஃபா கதிர்கள் வாயுக்களுக்குள் எவ்வளவு தூரம் ஓடுகின்றன, ஓடும் வழியில் எங்கே எவ்வளவு அயனாக்கம் செய்கின்றன என்பதே அவருடைய ஆய்வு. கதிர் தன் ஆற்றலை எந்த இடத்தில் இறக்கி வைக்கிறது என்ற அந்தக் கேள்விதான் சிகிச்சை அறையின் கேள்வியும். வாயுவில் அதைக் கேட்டவர் பின்னர் மனித உடலில் கேட்டார். அவருடைய வாழ்வின் இரண்டு பாதிகளையும் தனித்தனியாக எழுதுவோர் இந்தத் தொடர்ச்சியைத் தவறவிடுகிறார்கள் என்பது என் கருத்து. மேரி கியூரி 1934 ஜூலையில் இரத்தச் சோகை நோயால் இறந்தார். அளவறியாமல் கதிரோடு புழங்கியதன் விலை என்ன என்பதை அந்த ஆய்வுகூடத்தவர் எல்லோரும் அருகிருந்து கண்டார்கள்.

பம்பாயில் டாட்டா மெமோரியல் வைத்தியசாலை 1941 பெப்ரவரி 28ஆம் திகதி திறக்கப்பட்டது. மனைவி மெஹர்பாய் 1931இல் இரத்தப் புற்றுநோயால் இறந்த பின், அத்தகைய சிகிச்சை இந்தியாவுக்கும் வேண்டும் என்று தொரப்ஜி டாட்டா விரும்பியதன் விளைவு அது. அங்கே பௌதிகவியலாளராகப் பொறுப்பேற்று ரேடன் நிலையத்தை நிறுவியவர் நாயுடு. இந்தியாவின் முதல் மருத்துவப் பௌதிகவியலாளர் என்று அத்துறையினர் அவரைக் குறிப்பிடுகிறார்கள்.

ரேடன் நிலையம் என்ன செய்தது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ரேடியத்தின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். அதன் உப்பைக் கரைசலாக்கி, காற்றுப் புகாத கண்ணாடிக் குடுவையில், ஈயச் சுவருக்குள் வைத்திருப்பார்கள். அதிலிருந்து ரேடன் என்ற வாயு ஓயாமல் ஊறிக்கொண்டிருக்கும். பாலைக் கறப்பது போல அந்த வாயுவைக் குறித்த நாளில் இறைத்து எடுத்து, கூடவே வரும் ஐதரசன், ஒட்சிசன், நீராவி ஆகியவற்றை நீக்கி, மயிர்போன்ற மெல்லிய குழாய்க்குள் அடைப்பார்கள். ஃபெய்லா காட்டிய வழியில் அந்தக் குழாய் பொன்னால் ஆனது. திசுவைச் சுட்டுவிடும் பீட்டா கதிரைப் பொன் தடுத்துவிடும். காமா கதிர் மட்டும் வெளியே வரும். குழாயைத் துண்டு துண்டாக நறுக்கினால் ஒவ்வொன்றும் ஒரு 'விதை'. அதை நாக்கிலோ கன்னத்திலோ உள்ள கட்டிக்குள் ஊன்றி அப்படியே விட்டுவிடலாம். வெற்றிலை, புகையிலை மெல்லும் நம் நாடுகளில் வாய்ப் புற்றுநோய்க்கு இது எவ்வளவு வேண்டியதாக இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

தாய்ப்பொருளான ரேடியம் வைத்தியசாலையின் பெட்டகத்தை விட்டு நகராது. தொலைந்தாலும் உடைந்தாலும் போவது சில நாள் வாயு மட்டுமே. ஆனால் கணக்கு கடினம். ரேடனின் அரைவாழ்வு 3.8 நாட்கள். திங்கட்கிழமை அளந்த விதை வெள்ளிக்கிழமை பாதி வலுவில் இருக்கும். ஒரு மாதத்தில் நூற்றில் ஒரு பங்கும் மிஞ்சாது. ஊன்றிய விதையைத் திரும்ப எடுப்பதில்லை. ஆகவே அது தேய்ந்து முடியும்வரை தரப்போகும் முழு அளவையும் ஊன்றும் முன்பே கணக்கிட்டாக வேண்டும். கதிரியக்கத்தை அளக்கும் அலகில் ஒரு மில்லிகியூரி ரேடன் முற்றாகச் சிதையும்போது தருவது சுமார் 133 மில்லிகியூரி-மணி. இந்த எண்ணை வைத்துத்தான் எத்தனை விதை, எவ்வளவு இடைவெளி என்று தீர்மானித்தார்கள். சத்திரசிகிச்சை தள்ளிப்போனால் எண்கள் எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டும். நிலையத்தில் வேலை செய்பவர் உள்ளிழுக்கும் காற்றையும், கைகளில் படும் கதிரையும் கவனிப்பதும் பௌதிகவியலாளரின் பொறுப்பு.

நாயுடு பின்னர் யுனெஸ்கோவின் அறிவியல் ஆலோசகராகவும் பணியாற்றினார். இன்று அவர் பெயரைத் தேடினால், 'அனுராதா' படத்தில் நடித்த லீலா நாயுடுவின் தந்தை என்றே பெரும்பாலும் கிடைக்கிறது. மகளின் புகழைக் குறைத்துச் சொல்லவில்லை; தந்தையின் வேலைக்கு அது ஈடாகாது என்றே சொல்கிறேன்.

அவர் தனியாளாகத் தொடங்கியது மெல்ல ஒரு தொழிலாயிற்று. 1950களில் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்குக் கோபால்ட் கதிர்ச் சிகிச்சைக் கருவி வந்தது. 1962இல் டாட்டா மெமோரியல் அணுசக்தித் துறையின் கீழ் வந்தது. அதே ஆண்டில் டிராம்பேயில் கதிரியல் பௌதிகத்துக்கான முறையான பயிற்சியும் தொடங்கியது. 1976இல் இந்திய மருத்துவப் பௌதிகவியலாளர் சங்கம் உருவாகி, நாயுடுவின் பெயரில் நினைவுச் சொற்பொழிவு ஒன்றை நடத்தி வருகிறது. ரேடன் விதைகள் வழக்கொழிந்துவிட்டன. கணக்கு ஒழியவில்லை. கோபால்ட்டின் வலு மாதத்துக்கு ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று வீதம் குறையும். அதற்கேற்ப ஒவ்வொரு நோயாளியின் நேரத்தையும் யாரோ கூட்டிக்கொண்டே வர வேண்டும். இன்றைய கருவிகளில் நோயாளி வந்து படுக்கும் முன், காலையில் வெளிப்படும் கதிரை அளந்து பார்த்த பிறகே வேலை தொடங்கும்.

தோட்டவெளியிலிருந்தோ எருக்கலம்பிட்டியிலிருந்தோ பேசாலையிலிருந்தோ கரண்ட் பிடிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உடம்பில் கீறிய கோடு வேர்வையில் மங்கினால் நீங்களாகப் பேனாவால் மீண்டும் கீறாதீர்கள். மங்கியதாக அங்கே சொல்லுங்கள்; அளந்து கீறுவதற்கு அங்கே ஆள் இருக்கிறார்.