பலகைக்குக் கீழே ஓர் இறக்கை

மின்சார அலைப்பலகை ஒன்றின் பேட்டரியைத் தனியே கழற்றித் தூக்கினால் கை இறங்கிவிடும். ஏறக்குறைய 14 கிலோ. நம் வீட்டு அடுப்படி சிலிண்டருக்குள் இருக்கும் எரிவாயுவின் எடையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனால் அந்தப் பேட்டரிக்குள் அடங்கியிருப்பது சுமார் 2 கிலோவாட் மணி, அதாவது மின்வாரியக் கணக்கில் வெறும் 2 யூனிட். ஒரு லிட்டர் பெட்ரோலில் 9 யூனிட்டுக்குச் சமமான வெப்பம் இருக்கிறது. சிறிய டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் அதில் ஐந்தில் நான்கு பங்கை வீணடித்தாலும், மிச்சமிருப்பது ஏறத்தாழ அந்த 14 கிலோ பேட்டரி தரும் வேலைக்கு ஈடாகிவிடும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எதிராக 14 கிலோ பேட்டரி! இப்படியொரு சுமையோடு களமிறங்கிய மின்பலகை, பெட்ரோல் பலகைகள் எண்பது ஆண்டுகளாகப் பிடிக்க முடியாத இடத்தைப் பத்தே ஆண்டுகளில் பிடித்தது எப்படி?

பேட்டரி மலிந்தது, லேசானது, அதனால்தான் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். அது பாதி உண்மை. மீதியைத் தெரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

அலைச்சறுக்கில் மோட்டாருக்கான ஆசை புதிதல்ல. பலகையில் குப்புறப் படுத்துக் கைகளால் துழாவி, உடைந்து விழும் அலைகளைத் தாண்டி ஆழத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதித் தெம்பு போய்விடும். அந்த இடத்தைத் தாண்டுவது எப்பேர்ப்பட்ட பாடு என்பதைக் கட்டுமரம் தள்ளியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். 1930-களிலேயே ஆஸ்திரேலியாவில் பலகையில் மோட்டாரைப் பொருத்திப் பார்த்தார்கள். 1948-இல் ஹாலிவுட்டைச் சேர்ந்த ஜோ கில்பின் தன் மோட்டார் பலகையில் போகும் புகைப்படம் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கிறது. 1960-களின் நடுவில் அமெரிக்காவில் 'ஜெட் போர்டு' என்ற பெயரில் ஒன்று கடைக்கே வந்தது. எதுவும் நிலைக்கவில்லை.

சுழலும் புரொப்பல்லரைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு கடலில் விழுந்து எழுவது எவருக்கும் உவப்பானதாக இருக்க முடியாது. அதற்கு மாற்று வந்தது கடலிலிருந்து அல்ல, நியூசிலாந்தின் ஆழமற்ற ஆறுகளிலிருந்து. கூழாங்கல் தட்டும் நீரில் புரொப்பல்லர் உடைந்துபோவதைப் பார்த்துச் சலித்த பில் ஹாமில்டன், 1950-களில் நீரைப் படகுக்குள் உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும் நீர்த்தாரை எஞ்சினைச் செம்மைப்படுத்தினார். 1960-இல் அவருடைய படகுகள் கொலராடோ ஆற்றின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கை எதிர்நீச்சலாகவே ஏறிக் கடந்தன. பம்பின் சுழலி கூட்டுக்குள் ஒளிந்துகொண்டதால் மனிதக் காலுக்கு அபாயம் குறைந்தது. 1968-இல் வந்த 'சீ-டூ', 1970-களின் தொடக்கத்தில் வந்த கவாசாகியின் 'ஜெட் ஸ்கீ' எல்லாம் இதே வழியில் பிறந்தவை.

1980-களின் 'சர்ஃப்ஜெட்' அந்தப் பம்பைப் பலகைக்குள் திணித்தது. பின்புறம் எஞ்சின், முன்புறத்திலிருந்து நீண்டு வரும் பிடி, பிடியிலேயே முடுக்கி. பிறகு கலிபோர்னியாவின் பாப் மாண்ட்கோமரி 'பவர்ஸ்கீ' பலகையில் 40 குதிரைத்திறன் எஞ்சினை வைத்தார். நம் ஊர்ச் சிறிய கார்கள் சிலவற்றின் எஞ்சின் அளவுக்குத் திறன், அதுவும் ஒரே ஆள் நிற்கும் பலகையில்! சத்தம், புகை, கனம் மூன்றும் கூடவே வந்தன. செக் நாட்டின் பிர்னோ நகரத்துப் பொறியாளர் மார்ட்டின் ஷூலா பின்னாளில் கார்பன் இழையால் 'ஜெட்சர்ஃப்' பலகையைச் செய்து எடையை 20 கிலோவுக்குள் கொண்டுவந்தார். அது பந்தயத் திடலில் தனக்கென ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டது. கடற்கரையில் குடும்பத்தோடு வந்தவர் எடுத்து ஓட்டும் பொருளாக அதுவும் ஆகவில்லை.

அலைச்சறுக்கர்களிடையே மோட்டாருக்கு முதன்முதலில் மரியாதை கிடைத்தது பலகைக்கு வெளியே இருந்தபோதுதான். பேரலைகள் ஓடும் வேகத்துக்குக் கைத்துழாவல் ஈடுகொடுக்காது. 1992 வாக்கில் ஹவாயின் ஓஹூ தீவில் லேர்ட் ஹாமில்டன், டாரிக் டோர்னர், பஸ்ஸி கெர்பாக்ஸ் ஆகியோர் காற்றடைத்த சோடியாக் ரப்பர் படகில் கயிறு கட்டி ஒருவரையொருவர் அலைக்குள் இழுத்துவிட்டார்கள். பிறகு படகின் இடத்துக்கு ஜெட் ஸ்கீ வந்தது. களம் மாவி தீவின் பெயாஹிக்கு மாறியது. மோட்டார் அலைவரை கொண்டுவிட்டு விலகிக்கொள்ள, சறுக்கல் சறுக்கலாகவே இருந்தது. இந்த வேலைப் பிரிவினை பிறகு வேறு வடிவத்தில் திரும்பி வருகிறது.

மின்சாரத்தின் கதை தனி. சோனி 1991-இல் லித்தியம்-அயனி பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அது வீடியோ கேமராவுக்கானது. மடிக்கணினிகளுக்குப் பழகிய சுண்டுவிரல் நீள உருளைச் செல்கள், அதாவது 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட '18650' ரகம், இருபதாண்டுகளில் சைக்கிளுக்கும் காருக்கும் பரவின. பொம்மை விமானங்களையும் டிரோன்களையும் பறக்கவைத்த, கரித்தூரிகை இல்லாத மோட்டார்கள் உள்ளங்கை அளவில் பல குதிரைத்திறனைத் தந்தன. ஸ்வீடனின் பெஞ்சமின் வெட்டர் மின்சார ஸ்கேட்போர்டுக்காக வடிவமைத்து எல்லோருக்கும் திறந்துவிட்ட மோட்டார் கட்டுப்பாட்டுக் கருவி, கொட்டகையில் உட்கார்ந்து பலகை செய்தவர்களுக்கெல்லாம் கைகொடுத்தது. கடல் விளையாட்டுக்கென்று எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. மற்ற துறைகள் சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டார்கள் என்பதே சரி.

அப்படிப் பொறுக்கியவர்களில் முன்வரிசையில் இருந்தவர் அமெரிக்காவின் மைக் ரெய்லி. 2010-ஐ ஒட்டி வந்த அவருடைய 'வேவ்ஜெட்' பலகையின் அடிவயிற்றில் பேட்டரியும் இரண்டு சிறு நீர்த்தாரைப் பம்புகளும் கொண்ட ஒரு பெட்டி கழற்றி மாட்டும்படி இருந்தது. கைக்கடிகாரம்போல மணிக்கட்டில் கட்டிய கருவியில் பொத்தானை அழுத்தினால் போதும். வேகம் பெரிதல்ல, கைத்துழாவலைப்போல மூன்று மடங்கு வரை, அவ்வளவே. அலை கூட்டமாக இருக்கும் இடங்களில் முறைவைத்துக் காத்திருந்தவர்கள் இதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். கழுத்தெலும்பு முறிந்து கைகால் இயக்கத்தை இழந்த அலைச்சறுக்கர் ஜெஸ்ஸி பில்லாவரைப் போன்றவர்களுக்கோ, பிறர் தள்ளிவிடக் காத்திராமல் தானாக அலையை எட்டும் வழியை அதே பெட்டி தந்தது. 'ஏமாற்று வேலை' என்ற வசவு அதற்கு முன் எடுபடாது.

ஸ்வீடனில் ராடின், பிறகு அவேக் போன்ற நிறுவனங்கள் எதிர்த்திசையில் போயின. அலையே இல்லாத ஏரியிலும் பாயும்படி, பெரிய பேட்டரி, பெரிய பம்பு, மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகம். ராடினின் தொடக்ககாலப் பலகை 20,000 டாலர் அளவில் விலைபேசப்பட்டது. விலையைவிடப் பெரிய சங்கடம் நேரம்.

ஆளும் பலகையும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். நீர்ப்பரப்பில் வழுக்கிப் போகும் சிறு பலகையை நீர் பின்னிழுக்கும் விசை, எடையில் சுமார் கால்பங்கு: 25 கிலோ. மணிக்கு 36 கிலோமீட்டரில் அதை வெல்ல 2,500 வாட் வேண்டும். சிறிய பம்பு தனக்குக் கொடுத்த மின்சாரத்தில் பாதியைக்கூட உந்தலாகத் திருப்பித் தராது. ஆகவே பேட்டரியிலிருந்து 6 கிலோவாட் போகிறது. 2 யூனிட் 20 நிமிடத்தில் காலி. இது தோராயக் கணக்குதான். ஆனாலும் பெட்ரோல் தொட்டிக்குப் பதிலாகப் பேட்டரியை வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணியவர்களை இடறிவிட்ட கல் இதுதான். பேட்டரியைப் பெரிதாக்கினால் எடை கூடும். எடை கூடினால் இழுவை கூடும். இழுவை கூடினால் இன்னும் பெரிய பேட்டரி வேண்டும்.

முடிச்சை அவிழ்த்தது நூறாண்டு பழைய யோசனை. இத்தாலியின் என்ரிகோ ஃபோர்லானினி 1906-இல் மஜோரே ஏரியில், நீருக்கடியில் இறக்கைகள் பொருத்திய படகை மணிக்கு 68 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். வேகம் ஏற ஏற அந்த இறக்கைகள் படகை நீருக்கு மேலே தூக்கிவிட்டன. தொலைபேசிக்காக நாம் அறிந்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல்லும் கேசி பால்ட்வினும் கனடாவின் பிரா டோர் ஏரியில் 1919 செப்டம்பர் 9 அன்று 'எச்டி-4' என்ற இறக்கைப் படகை 114 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோனார்கள். பெல்லுக்கு அப்போது வயது 72. நீர் காற்றைப்போல சுமார் 800 மடங்கு அடர்த்தி கொண்டது. எனவே விமானத்துக்கு வேண்டிய அகன்ற இறக்கை இங்கே தேவையில்லை. முழ நீளத் தகடு ஒரு மனிதனைத் தூக்கிவிடும்.

இறக்கைப் படகுகளின் தீராத தலைவலி நிலைத்தன்மை. மேலே எழுந்த படகு மூக்கைத் தூக்கினால் இறக்கை நீரைவிட்டு வெளியேறித் தொப்பென்று விழும். மூக்கைத் தாழ்த்தினால் குப்புறப் பாயும். பெரிய கப்பல்களில் இதற்காக வளைந்த இறக்கைகளையும், பிறகு மின்னணுக் கட்டுப்பாட்டையும் வைத்தார்கள். பலகையில் அது தேவைப்படவில்லை, மனிதக் கணுக்கால் அந்த வேலையைச் செய்தது. படகின் பின்னால் கயிற்றில் இழுபட்டுக்கொண்டே உட்கார்ந்து பறக்கும் 'ஏர் சேர்' இருக்கையை மைக் மர்ஃபியும் பாப் உல்லியும் உருவாக்கினார்கள். லேர்ட் ஹாமில்டனும் தோழர்களும் அதன் இறக்கையைக் கழற்றிப் பலகையின் கீழ் பொருத்தி, பனிச்சறுக்குக் காலணிகளால் கால்களைப் பூட்டிக்கொண்டு பேரலையில் நின்றார்கள். 2003-இல் வந்த 'ஸ்டெப் இன்டு லிக்விட்' ஆவணப்படம் அதை உலகுக்குக் காட்டியது. 2016-இல் மாவியின் காய் லென்னி, காலணிப் பூட்டு ஏதுமின்றி இறக்கைப் பலகையில் சின்ன அலைகளைக்கூட நெடுந்தூரம் தொடரும் காணொளிகள் பரவியபோது, பலகை செய்பவர்கள் எல்லோருக்கும் பொறி தட்டிவிட்டது.

அதற்குள் மின்மோட்டார் இறக்கையோடு சேர்ந்திருந்தது. பாய்ப்பலகைகளும் காற்றாடிப் பலகைகளும் வடிவமைத்துப் பேர்பெற்ற, மகானி என்ற காற்றாலை நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரான டான் மாண்டேக், உடல் எடையை மாற்றிச் சாய்ந்தே ஓட்டும் இறக்கைப் பலகைக்கு 2016-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பியூர்ட்டோ ரிக்கோவில் நிக் லீசன் நடத்தும் லிஃப்ட் நிறுவனம் 12,000 டாலர் விலையில் மின்னிறக்கைப் பலகையை முதலில் பரவலாக விற்கத் தொடங்கியது. 2018-இல் ஆஸ்திரேலியாவின் பைரன் பே நகரிலிருந்து டேவிட் ட்ரெவர்னின் ஃபிளைட்போர்டு வந்தது. பின்னர் சீனாவின் வேடூ விலையைப் பாதியாக்கும் முனைப்போடு நுழைந்தது. டெலவேர் மாநிலக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் லிஃப்ட்டின் தாய் நிறுவனம் வேடூமீது தொடுத்த காப்புரிமை வழக்கில் 2023-இல் ஜூரிகள் வேடூவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அதே ஆண்டில் மெர்குரி படகு எஞ்சின்களைச் செய்யும் பிரன்ஸ்விக் குழுமம் ஃபிளைட்போர்டை வாங்கியது. வழக்கும் பெருமுதலாளியும் வந்துவிட்டால் விளையாட்டுச் சாமான் தொழிலாகிவிட்டதென்று அர்த்தம்.

முந்தைய கணக்கை இப்போது திரும்பப் போட்டால் காரணம் கண்ணெதிரே நிற்கும். இறக்கையில் ஏறிய அதே 100 கிலோவை நீர் பின்னிழுக்கும் விசை பத்தில் ஒரு பங்கு: 10 கிலோ. மணிக்கு 25 கிலோமீட்டரில் அதற்கு 700 வாட் போதும். மோட்டாரிலும் புரொப்பல்லரிலும் விரயமாவதைச் சேர்த்தாலும் 1.2 கிலோவாட், ஒரு மிக்சியும் ஒரு இஸ்திரிப் பெட்டியும் இழுக்கும் மின்சாரம். அதே 14 கிலோ பேட்டரி ஒன்றரை மணி நேரம் தாங்கும். பேட்டரியின் முன்னேற்றம் இறக்கைப் பலகையைப் பிறப்பித்தது என்பதைவிட, இறக்கைதான் போதாத பேட்டரியைப் போதுமானதாக ஆக்கியது என்பதே இந்த வரலாற்றுக்குப் பொருந்தும்.

கிட்டப்போய்ப் பார்த்தால் பொருள் எளிமையானதுதான். ஐந்தரை அடிப் பலகை, அதன் வயிற்றில் மூடியிட்ட பேட்டரிக் குழி, கீழே இரண்டு, இரண்டரை அடிக் கம்பம், கம்பத்தின் அடியில் குடுமிபோல மோட்டார், அதன்கீழ் முன்னிறக்கையும் வால் இறக்கையும். பேட்டரிக் குழியின் ரப்பர் விளிம்பில் ஒரு மணல்துகள் சிக்கினாலும் உப்புநீர் வழி கண்டுபிடித்துவிடும். அதனால் பழகியவர்கள் மூடுமுன் விரலால் ஒருமுறை சுற்றித் தடவிப் பார்த்துக்கொள்கிறார்கள். கையிலுள்ள துப்பாக்கி விசை போன்ற முடுக்கி கம்பியில்லா அலையில் பேசுகிறது. அந்த அலை நீருக்குள் ஊடுருவாது. ஓட்டுபவர் கையோடு மூழ்கினால் தொடர்பு அறுந்து மோட்டார் தானே நின்றுவிடும். தொழில்நுட்பத்தின் குறையே பாதுகாப்பாக மாறிய இடம் இது. ஆனால் இறக்கையின் விளிம்புக்கு விசையில்லை, நிறுத்தமும் இல்லை; தலைக்கவசம் இல்லாமல் புதியவர்களை ஏற்ற நல்ல பயிற்சியாளர் யாரும் சம்மதிப்பதில்லை.

விமானத்தில் கொண்டுபோவது இன்னொரு வழக்கு. பயணிகள் விமானத்தில் 100 வாட் மணி வரையான பேட்டரிக்குத் தடையில்லை, 160 வரை முன் அனுமதி வேண்டும். 2,000 வாட் மணிக்கு அங்கே இடமே கிடையாது. பலகையை மட்டும் சுமந்துபோய் இறங்கிய ஊரில் பேட்டரியை வாடகைக்குத் தேடுபவர்கள் உண்டு.

அண்மைய திருப்பமும் ஆஸ்திரேலியாவிலிருந்துதான். 'ஃபாயில் டிரைவ்' என்ற நிறுவனம், சாதாரண இறக்கைப் பலகையின் கம்பத்தில் கவ்விப் பிடிக்கும் சின்ன மோட்டாரை விற்கிறது. முழு நேரமும் ஓட்டுவதற்கானது அல்ல அது. உடையும் அலைகளைத் தாண்டவும், எழுந்து வரும் அலையின் வேகத்தை எட்டவும் சில நொடிகள் விசையை அழுத்தினால் போதும். சோடியாக் படகு 1992-இல் செய்த வேலையை இப்போது கைப்பிடியளவு மோட்டார் செய்கிறது. அலை பலகையை வாங்கிக்கொண்டதும் ஓட்டுபவர் விரலை எடுக்கிறார். புரொப்பல்லரின் இதழ்கள் நீரின் வேகத்தில் பின்னோக்கி மடிந்து படுத்துக்கொள்கின்றன. மோட்டாரின் முனகல் நின்றுபோய், கம்பம் நீரைக் கிழிக்கும் சீறல் மட்டும் கேட்கிறது.