நம்மி: ஃபிரீமாண்ட் கூட்டுக் கார் ஆலை

நம்மி என்பது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸும் ஜப்பானின் டொயோட்டாவும் சரிபாதிப் பங்குடன் கலிபோர்னியா மாநிலத்தின் ஃபிரீமாண்ட் நகரில் நடத்திய கார் ஆலை. ‘நியூ யுனைடெட் மோட்டார் மேனுஃபேக்சரிங்’ என்ற நிறுவனப் பெயரின் சுருக்கம் இது. 1984 டிசம்பரில் இங்கிருந்து முதல் கார் வெளிவந்தது. 2010 ஏப்ரல் 1 அன்று கடைசிக் கார். வெவ்வேறு நாட்டுப் பழக்கங்களில் ஊறியவர்களை ஒரே வேலையில் சேர்த்து நடத்துவது எப்படி என்ற கேள்விக்கு, மேலாண்மைக் கல்வி திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கும் ஆலை இது. அதற்குக் காரணம் உண்டு. பழைய கட்டடம், பெரும்பாலும் பழைய தொழிலாளர்கள், பழைய தொழிற்சங்கம் ஆகியவை அப்படியே இருக்க, நடத்தும் முறை மட்டும் மாறியது. மனித உறவுகளில் இவ்வளவு தெளிவான சோதனை அமைவது அரிது.

பழைய ஆலை

ஜெனரல் மோட்டார்ஸ் 1960களின் தொடக்கத்தில் ஃபிரீமாண்ட்டில் கட்டிய ஆலை, அந்நிறுவனத்தின் ஆலைகளிலேயே மிக மோசமானவற்றுள் ஒன்று என்று பெயரெடுத்திருந்தது. சில காலங்களில் ஐந்தில் ஒருவர் வேலைக்கே வருவதில்லை. திங்கட்கிழமை காலைகளில் உற்பத்தி லைனை ஓட்ட ஆள் போதாது. ஷிஃப்ட் நேரத்தில் குடி, அறிவிப்பில்லாத வேலைநிறுத்தம், வேண்டுமென்றே செய்யும் பழுது, தீர்க்கப்படாமல் ஆயிரக்கணக்கில் தேங்கிய குறைமனுக்கள் என்று எல்லாம் இருந்தன. மேலிருந்து கீழ்வரை எல்லோரும் மதித்த விதி ஒன்றுதான்: எது நடந்தாலும் லைன் நிற்கக் கூடாது. தவறான பாகம் மாட்டிய கார் கண்ணெதிரே நகர்ந்து போகும். யாரும் தொட மாட்டார்கள். கடைசியில் வெளி முற்றத்தில் நிறுத்திப் பிரித்துச் சரிசெய்வார்கள். தன் கையால் தவறான வண்டி போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்படி ஒருவரை ஆண்டுக்கணக்கில் பழக்கிவிட்டு, அவருக்குப் பொறுப்பில்லை என்று குறைசொல்வது நியாயமாகாது. 1982இல் ஆலை மூடப்பட்டது; ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர்.

ஒப்பந்தம்

இரு நிறுவனங்களுக்கும் ஒன்றின் தேவை மற்றதிடம் இருந்தது. சிறிய கார்களை லாபத்தோடு தயாரிக்க ஜெனரல் மோட்டார்ஸுக்குத் தெரியவில்லை. டொயோட்டாவுக்கோ, 1981 முதல் அமெரிக்காவுக்கான ஜப்பானியக் கார் ஏற்றுமதிக்கு வரம்பு வந்துவிட்டது. ஹோண்டா 1982இலேயே ஒஹையோவில் கார் தயாரிக்கத் தொடங்கியிருந்தது. அமெரிக்கத் தொழிலாளர்களை வைத்துத் தங்கள் முறையை நடத்த முடியுமா என்று டொயோட்டா சோதித்துப் பார்க்க விரும்பியது. 1983 பிப்ரவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ரோஜர் ஸ்மித்தும் டொயோட்டா தலைவர் எய்ஜி டொயோடாவும் உடன்பாட்டை அறிவித்தனர். ஒரு தரப்பு ஆலையைத் தந்தது, மறுதரப்பு 10 கோடி டாலரைத் தந்தது. அன்றாட நிர்வாகம் டொயோட்டாவிடம் இருக்கும் என்று முடிவாயிற்று. தட்சுரோ டொயோடா நம்மியின் முதல் தலைவரானார்.

சிக்கல் தொழிற்சங்கத்தில் இருந்தது. ஜப்பானில் சங்கம் என்பது அந்தந்த நிறுவனத்துக்குள் அடங்கியது. இங்கே எதிரே நின்றதோ நாடு தழுவிய ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கம். பழைய ஃபிரீமாண்ட் கிளையின் பெயரைக் கேட்டாலே டொயோட்டாவினர் தயங்கினர். முன்னாள் தொழிலாளர் துறை அமைச்சர் வில்லியம் அசெரி இடையில் நின்று பேசி 1983 செப்டம்பரில் ஓர் இணக்கத்தைக் கொண்டுவந்தார். சங்கத்தை ஏற்பது, புதிய ஆட்களில் பெரும்பான்மையைப் பழைய ஆலையினரிடமிருந்து எடுப்பது, பெரிய நிறுவனங்களுக்கு இணையான சம்பளம் தருவது என்று நிர்வாகம் ஒப்புக்கொண்டது. எண்பதுக்கு மேற்பட்ட வேலைப் பிரிவுகளை, உற்பத்திக்கு ஒன்று, நுட்பப் பணிகளுக்குச் சில என்று சுருக்கச் சங்கம் இசைந்தது. ‘இது என் வேலை இல்லை’ என்று ஒதுங்கும் உரிமையைத் தொழிலாளர்கள் விட்டுக்கொடுத்தனர் என்றே இதைக் கொள்ள வேண்டும். அதற்கு ஈடாக அவர்கள் பெற்றது என்ன என்பதில்தான் இந்த ஆலையின் கதை அடங்கியிருக்கிறது.

1985இல் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தம் அதை எழுத்தில் தந்தது. நிறுவனத்தின் நீண்டகால இருப்பே ஆபத்துக்குள்ளானால் ஒழிய ஆட்குறைப்பு இல்லை. அந்த நிலை வந்தாலும் முதலில் அதிகாரிகளின் சம்பளம் குறைக்கப்படும். இந்த வாக்குறுதியை ‘ஜப்பானியப் பண்பாடு’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். அதன் வேர் அவ்வளவு பழமையானதன்று. 1950இல் டொயோட்டாவே கடனில் மூழ்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை வெளியேற்றியது. கடுமையான வேலைநிறுத்தம் நடந்தது. நிறுவனர் கீச்சிரோ டொயோடா பதவி விலகினார். அந்தக் காயத்துக்குப் பிறகு நிர்வாகமும் தொழிலாளரும் ஒருவருக்கொருவர் ஏற்படுத்திக்கொண்ட உடன்பாட்டின் வழியாகத்தான் வேலைப் பாதுகாப்பு அங்கே வழக்கமானது. சண்டையிட்டுக் கற்ற ஒன்றைத்தான் டொயோட்டா ஃபிரீமாண்ட்டுக்கும் எடுத்துவந்தது. பிறநாட்டாரின் பழக்கங்களை அவர்களின் இரத்தத்தில் ஊறியவை என்று எண்ணி ஒதுங்கும் மேலாளர்கள் இந்த ஓர் ஆண்டின் வரலாற்றையாவது படிக்க வேண்டும்.

பயிற்சியும் கயிறும்

முதற்கட்டத் தொழிலாளர்களில் சுமார் 85 விழுக்காட்டினர் பழைய ஆலையினர். சங்கத் தலைவர்களும் அவர்களில் இருந்தனர். குழுத் தலைவர்களாக வரவிருந்த நூற்றுக்கணக்கானோர் ஜப்பானுக்கு அனுப்பப்பட்டு, டொயோட்டா நகரின் டக்காவோக்கா ஆலையில் சில வாரங்கள் அங்குள்ளவர்களுக்குப் பக்கத்தில் நின்று கார் கட்டினார்கள். வகுப்பறைப் பாடம் குறைவு, கைவேலை அதிகம். மொழி தெரியாத இருவர் ஒரே கதவைப் பொருத்தும்போது செய்து காட்டுவதே பேச்சாகிவிடும். எந்த வேலையையும் எந்த வரிசையில், எத்தனை நொடியில் செய்வது என்று தாளில் எழுதி வைத்திருந்ததால் மொழிபெயர்ப்பாளரின் தேவையும் சுருங்கியது. பிரியும் நாளில் இருதரப்பாரும் கண்கலங்கியதை அங்கு சென்றவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

டக்காவோக்காவில் அவர்களை அதிகம் வியக்கவைத்தது ஒரு கயிறு. லைன் நெடுகத் தலைக்கு மேலே ஓடிய இந்த ஆன்டான் கயிற்றை, வேலையில் தடங்கல் வந்தால் யாரும் இழுக்கலாம். இழுத்ததும் விளக்கு எரியும், ஒரு மெட்டு ஒலிக்கும், குழுத் தலைவர் ஓடிவருவார். லைன் அந்த நொடியே நிற்பதில்லை. அந்த இடத்துக்கான எல்லைக்கோடு வரை நகரும். அதற்குள் சரிசெய்துவிட்டால் மறுபடி இழுத்துவிடுவார்கள், ஓட்டம் தடைப்படாது. முடியாவிட்டால் மட்டுமே நிற்கும். ஒருவரின் வேலைச்சுற்று ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பதால் உதவி சில நொடிகளில் வந்தாக வேண்டும். ஆகவே நாலைந்து பேருக்கு ஒரு குழுத் தலைவர்; அவருக்கு லைனில் நிலையான இடம் கிடையாது, அழைத்தவருக்கு உதவுவதே வேலை. கயிற்றின் பின்னால் இப்படி ஆள், நேரம், பணம் என்று ஒரு முழு ஏற்பாடு இருந்தது.

டொயோட்டாவின் ஜப்பானியத் தலைமையகத்தில் சேர்ந்த முதல் அமெரிக்க மேலாளர்களில் ஒருவரான ஜான் ஷூக், நம்மி பயிற்சித் திட்டத்தை அமைக்க உதவியவர். இந்தத் தொழிலாளர்களிடமா லைனை நிறுத்தும் உரிமையைத் தருவது என்று அமெரிக்கத் தரப்பினர் திகைத்தனர். குறையில்லாமல் வேலை செய் என்று கேட்டுவிட்டு, அதற்கு வழியைத் தராமல் இருப்பது எப்படி என்பதே டொயோட்டாவினரின் எண்ணமாக இருந்தது. 2010இல் எழுதிய கட்டுரையில் ஷூக் சொல்லும் கருத்து, பணியாளர் பயிற்சியில் ஈடுபட்ட எவருக்கும் பயன்படும்: மனப்போக்கை மாற்றிவிட்டால் செயல் மாறும் என்று காத்திராமல், செய்யும் வேலையின் அமைப்பை முதலில் மாற்றுங்கள், எண்ணம் பின்னால் வரும். சொற்பொழிவும் சுவரொட்டியும் செய்யாததை, இழுத்ததும் ஓடிவந்த ஒரு குழுத் தலைவர் செய்தார்.

நம்மியில் அதிகாரிகளுக்குத் தனி கார் நிறுத்துமிடமோ தனி கேண்டீனோ கிடையாது. இதையெல்லாம் வெறும் அடையாளம் என்று தள்ளுவோர் உண்டு. கயிறும் வேலை உறுதியும் இல்லாத இடத்தில் அது உண்மையும்கூட.

பலன்

எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 1980களின் நடுவில் மூன்று ஆலைகளை ஒப்பிட்டனர். ஒரு காரைக் கட்ட மாசச்சூசெட்ஸின் ஃபிராமிங்ஹாமில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைக்கு 31 மணி நேரமும், டக்காவோக்காவுக்கு 16 மணி நேரமும், நம்மிக்கு 19 மணி நேரமும் ஆயின. நூறு கார்களுக்குக் குறைகள் முறையே 135, 45, 45. வேலைக்கு வராமை பழைய அளவிலிருந்து சில விழுக்காடுகளுக்கு இறங்கியது. நம்மியில் பொறியாளராகத் தொடங்கி அந்த ஆய்வில் சேர்ந்த ஜான் கிராஃப்சிக்தான் டொயோட்டாவின் இந்த உற்பத்தி முறைக்கு ‘லீன்’ (மெலிந்த) என்ற பெயரை 1988இல் வழங்கினார்.

அதே 1988இல், ஆட்குறைப்பு இல்லை என்ற வாக்குறுதிக்குச் சோதனை வந்தது. இங்கே கட்டிய ஷெவர்லே நோவா கார் சரியாக விற்கவில்லை. ஆலை ஏறக்குறைய 60 விழுக்காடு திறனில் ஓடியது. ஒருவரும் நீக்கப்படவில்லை. உபரி ஆட்களைப் பயிற்சிக்கும் மேம்பாட்டுப் பணிகளுக்கும் அனுப்பினார்கள். வெளியே கொடுத்திருந்த வேலைகளை உள்ளே எடுத்துக்கொண்டார்கள். நிர்வாகம் சொன்னதைச் செய்யும் என்று தொழிலாளர் உறுதியாக நம்பத் தொடங்கியது அந்த ஆண்டில்தான் என்று சொல்வதில் தவறில்லை.

குறைகள்

நம்மியைப் புகழ்வோர் சிலர் இதன் மறுபக்கத்தைத் தொடுவதில்லை. நிமிடத்தின் ஒவ்வொரு நொடியும் வேலையால் நிரம்பியது. மூச்சுவிடும் இடைவெளி போய்விட்டது. தொழிலாளர் எழுத்தாளர்களான மைக் பார்க்கரும் ஜேன் ஸ்லாட்டரும் 1988இல் வெளியிட்ட நூலில் இதை நெருக்கடியால் நடத்தும் நிர்வாகம் என்று கண்டித்தனர். சங்கத்துக்குள்ளும் எதிரணி வளர்ந்தது. 1993ஆம் ஆண்டு மாடலுக்கு மாறியபோது கை, முதுகு வலிகள் பெருகி, மாநிலத் தொழிற்பாதுகாப்புத் துறை ஆலை மீது நடவடிக்கை எடுத்தது. அடுத்த மாடலுக்கு முன்பு நிர்வாகம் தொழிலாளரையும் உட்படுத்தி உடல்நலத் திட்டமிடலைத் திருத்திக்கொண்டது. இந்தத் திருத்தம் முன்பே நடந்திருக்க வேண்டும்.

நகலெடுக்க முடியாமை

ஜெனரல் மோட்டார்ஸ் தன் இளம் அதிகாரிகளை ஃபிரீமாண்ட்டுக்கு அனுப்பிக் கற்கச் சொன்னது. அவர்கள் கற்றார்கள், திரும்பிப் போன இடத்தில் கேட்க ஆளில்லை. ஆலையின் ஒவ்வொரு மூலையையும் படமெடுத்து அப்படியே இன்னோர் ஆலையை அமைக்கச் சொன்னார்கள் என்று கூறப்படுகிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வான் நைஸ் பகுதியில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் குழுமுறை கொண்டுவரப்பட்டது. அங்கே ஆலை மூடப்படவில்லை, ஜப்பான் பயணமில்லை, பழைய பகை அப்படியே இருந்தது. சலுகைகளை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள் என்றே தொழிலாளர் பார்த்தனர். தங்கள் அதிகாரம் போகிறது என்று சூப்பர்வைசர்கள் பார்த்தனர். அதிகாரிகளின் ஊக்கத்தொகை காரின் எண்ணிக்கையோடு கட்டப்பட்டிருந்தவரை லைனை நிறுத்த யாருக்குத்தான் மனம் வரும்? 1992இல் வான் நைஸ் மூடப்பட்டது. ஜப்பானியருக்கும் அமெரிக்கருக்கும் இடையில் கடந்துபோன ஒரு முறை, ஜெனரல் மோட்டார்ஸுக்குப் பங்குள்ள இரு அமெரிக்க ஆலைகளுக்கு இடையில் கடக்கவில்லை. நாட்டு எல்லையைவிடப் பெரிய எல்லை, நிர்வாகத்தின் மீதுள்ள நம்பிக்கைக்கும் அவநம்பிக்கைக்கும் நடுவில் இருக்கிறது.

டொயோட்டா கற்றதை எடுத்துச் சென்றது. 1988இல் திறந்த கென்டக்கி ஆலையில், வாரக் கூட்டத்தில் சாதனைகளை மட்டும் அடுக்கிய அமெரிக்க அதிகாரியிடம், உங்கள் சிக்கல்களைச் சொல்லுங்கள், சேர்ந்து தீர்ப்போம் என்ற பொருளில் ஆலைத் தலைவர் ஃபுஜியோ சோ கேட்டதாகக் குறிப்பு உண்டு. தன் குறையை மேலதிகாரி முன் வைப்பது வேலைக்கே ஆபத்து என்று வளர்ந்தவர்களுக்கு அதைப் பழக ஆண்டுகள் தேவைப்பட்டன.

இந்தியாவில்

நம்மி உருவான அதே காலத்தில் குர்காவோனில் மாருதி கார் நிறுவனம் உருவானது. ஜப்பானின் சுசூகியுடனான ஒப்பந்தம் 1982இல்; முதல் கார் 1983 டிசம்பரில். நிர்வாகத்தை முன்னின்று நடத்தியவர் தமிழரான வி.கிருஷ்ணமூர்த்தி. எல்லோருக்கும் ஒரே சீருடை, ஒரே கேண்டீன் என்ற வழக்கம் பொதுத்துறையில் பழகிய இந்திய அதிகாரிகளுக்குப் புதுமையாக இருந்தது. வேலை செய்யும் விதமும் நேரம் பேணும் பழக்கமும் மாறின. பிற்காலத்தில் மாருதியின் மானேசர் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பெருகினர்; அவர்களின் சம்பளம் நிரந்தரத் தொழிலாளரைவிட மிகக் குறைவாக இருந்தது. 2011இல் தனிச் சங்கம் கேட்டு வேலைநிறுத்தங்கள் நடந்தன. 2012 ஜூலையில் வெடித்த வன்முறையில் மனிதவள மேலாளர் ஒருவர் உயிரிழந்தார். பின்னர் ஐந்நூறுக்கும் மேற்பட்ட நிரந்தரத் தொழிலாளர்கள் நீக்கப்பட்டனர். அங்கும் எல்லோருக்கும் ஒரே சீருடைதான்.

முடிவு

2009 ஜூனில் திவால் நடவடிக்கையில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் கூட்டிலிருந்து விலகியது. தனியாக நடத்துவதில்லை என்று டொயோட்டா ஆகஸ்டில் அறிவித்தது. ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கம் இருந்த ஒரே டொயோட்டா ஆலை அமெரிக்காவில் இதுதான். சுமார் 4,700 பேர் வேலையிழந்தனர். டொயோட்டா ஈட்டுத்தொகை வழங்கியது. ஆட்குறைப்பு இல்லை என்ற வாக்குறுதி நம்மி என்ற கூட்டு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தியது. அதைத் தொடங்கிய இரு நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் வரி எதுவும் அதில் இல்லை. 2010 மே மாதம் டெஸ்லா அந்த ஆலையை 4.2 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது.