கைப்பேசிப் படங்கள் காணாமல் போகாதிருக்க: வீட்டுக் கணினியிலும் ஒரு பிரதி

செர்காம் - திருமணம், கோயில் திருவிழா, தாத்தா பாட்டி வாழ்ந்த லயத்து வீடு என்று குடும்பப் படங்கள் பலவும் இன்று ஆல்பத்தில் இல்லை, கைப்பேசியில்தான் இருக்கின்றன. தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபெயர்ந்தவர்களுக்கு, பழைய வாழ்க்கையின் சாட்சியாக மிஞ்சியிருப்பவை அந்தப் படங்களே. செர்காம், மெர்லிமாவ், ஜாசின் வட்டாரக் குடும்பங்கள் அவற்றைப் பத்திரப்படுத்தும் வழிகளை இங்கே காணலாம்.

கூகுள் போட்டோஸில் மாறியவை

2015-இல் அறிமுகமான இந்தச் செயலி, 'ஹை குவாலிட்டி' தரத்தில் எத்தனை படங்களையும் இலவசமாக ஏற்றுக்கொண்டது. 2021 ஜூன் 1 முதல் அந்தச் சலுகை இல்லை. அதற்கு முன் அந்தத் தரத்தில் ஏற்றியவை கணக்கில் சேராது. இப்போது ஒருவருக்கு இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி மட்டுமே. ஜிமெயில், கூகுள் டிரைவ், படங்கள் மூன்றுக்கும் சேர்த்தே இந்த அளவு. ஆண்ட்ராய்டு கைப்பேசியின் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது இதில்தான் சேர்கிறது.

இடம் நிரம்பினால் புதிய படங்கள் ஏறாது. ஜிமெயிலுக்கு மின்னஞ்சலும் வராது. ஈராண்டுகள் பயன்படுத்தாமல் விட்ட கணக்கையும் அதிலுள்ள படங்களையும் கூகுள் நீக்கக்கூடும். காலமான பெற்றோரின் கணக்கில் படங்கள் இருந்தால், அவற்றை இப்போதே இறக்கி வைப்பது நல்லது.

எந்தப் பொத்தான் எதை அழிக்கும்?

பலர் தவறுவது இங்கேதான். செயலிக்குள் ஒரு படத்தை 'டிலீட்' செய்தால், கைப்பேசியில் மட்டுமல்ல, கூகுள் கணக்கிலிருந்தும் அது நீங்கிவிடும். பேக்கப் ஆன படம் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும். அதன்பின் மீட்க முடியாது. கைப்பேசியில் இடம் மட்டும் வேண்டுமென்றால் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' பொத்தானை அழுத்த வேண்டும். அது கைப்பேசியிலுள்ள பிரதியை நீக்கும், கணக்கிலுள்ளதைத் தொடாது.

வீட்டு வைஃபை வழியே கணினிக்கு

ஒரே வைஃபையில் இருக்கும் கைப்பேசியும் கணினியும் நேரடியாகப் படங்களைப் பரிமாறலாம். இதற்கு இணைய டேட்டா செலவாகாது.

1. கணினியின் வைஃபை அமைப்பில் 'பிரைவேட்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும். 'பப்ளிக்' என்றிருந்தால் மற்ற கருவிகளுக்குக் கணினி தெரியாது.

2. 'குடும்பப் படங்கள்' என ஒரு கோப்புறை உருவாக்கி, வலது சொடுக்கில் 'ப்ராப்பர்ட்டீஸ்', பிறகு 'ஷேரிங்' சென்று பகிரவும். கடவுச்சொல் கட்டாயம் இருக்கட்டும்.

3. ஐபோனில் 'ஃபைல்ஸ்' செயலியின் 'கனெக்ட் டு சர்வர்' வழியாக அந்தக் கோப்புறையைத் திறக்கலாம். ஆண்ட்ராய்டில் நெட்வொர்க் வசதியுள்ள கோப்பு மேலாளர் செயலி தேவை.

4. இது சிரமமென்றால், விண்டோஸ் கணினியில் 'குவிக் ஷேர்' மென்பொருளை நிறுவி ஆண்ட்ராய்டு படங்களை அனுப்பலாம். யூஎஸ்பி கம்பியும் போதும்.

இணைப்பு கிடைக்காவிட்டால்

கைப்பேசி 'கெஸ்ட்' வைஃபையில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கவும். அதிலிருந்து பொதுவாகக் கணினியை எட்ட முடியாது. கணினி 'ஸ்லீப்' நிலைக்குப் போனாலும் தொடர்பு அறுந்துவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டினால் வலுவிழக்கும். தள்ளியுள்ள அறைக்கு 2.4 ஏற்றது. ரவுட்டரை வீட்டின் நடுவில், உயரமான இடத்தில் வைக்க வேண்டும். அதனுடன் வந்த கடவுச்சொல்லை மாற்றுவதும் அவசியம்.

கணினியின் ஹார்ட் டிஸ்க்கும் ஒருநாள் பழுதாகலாம். ஆகவே முக்கியமான படங்களை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றிலும் பதிந்து, உறவினர் வீட்டில் கொடுத்து வைக்கலாம். கணினியில் படங்கள் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே கைப்பேசியில் உள்ளதை அழிக்க வேண்டும்.