தீயைக் காத்தவர்கள்

அமெரிக்க நாட்டில் வீடுகளின் பின்முற்றத்தில் இன்று ஒருவகை அடுப்பைக் காணலாம். பார்வைக்கு அது படுக்கவைத்த பீப்பாயைப் போலிருக்கும். அதன் பக்கத்தில் ஒரு பெட்டி. அப்பெட்டி நிறைய மரத்தூளை அழுத்திச் செய்த சிறு சிறு உருளைகள். அவற்றைப் 'பெல்லட்' என்பர். வீட்டுக்குரியவர் உப்பும் மிளகும் பூண்டும் காடியும் கலந்த சாந்தில் ஊறிய மாட்டிறைச்சித் துண்டம் ஒன்றை இரவில் அவ்வடுப்பினுள் வைக்கிறார், வேண்டிய வெப்பத்தைக் குறிக்கும் எண்ணைத் திருப்புகிறார், உறங்கச் சென்றுவிடுகிறார். விடியும் வேளையில், விரலால் தொட்டால் பிரியும் அளவுக்கு இறைச்சி வெந்து, புகைமணம் ஏறியிருக்கிறது.

மாணவ நண்பர்களே, அவர் உறங்கிய அந்த உறக்கத்தைப் பற்றியே நான் பேச விரும்புகிறேன். அது எளிதில் கிடைத்த உறக்கமன்று. அவருக்கு முன்னே நானூறு ஐந்நூறு ஆண்டுகள் யார் யாரோ அந்தத் தீயருகே கண்விழித்திருந்தனர். அவர்கள் யாவர்? வரலாறு அவர்களை எவ்வாறு நினைவில் வைத்திருக்கிறது? இவ்விரு வினாக்களையும் மனத்தில் கொண்டு பழங்காலத்தை நோக்கிச் செல்வோம்.

முதலில், ஓர் இறைச்சித் துண்டத்திற்கு இரவு முழுவதும் எதற்கு என்பதை அறிதல் வேண்டும். மாட்டுக்கு மனிதரைப்போல் தோள்பட்டை எலும்பு மார்போடு பிணைந்திருப்பதில்லை. அதன் உடற்சுமையில் பெரும்பங்கை நெஞ்சுப்பகுதித் தசைகளே தாங்குகின்றன. ஓயாது உழைக்கும் அத்தசைகளில் 'கொலாஜன்' என்னும் இணைப்புப்பொருள் மிகுதி. பெருந்தீயில் வைத்தால் அது சுருங்கி இறுகும். இறைச்சி தோலைப்போல் ஆகிவிடும். நூறு நூற்றிருபது செல்சியசு பாகை அளவிலான மெல்லிய வெப்பத்தில் பத்து மணி நேரத்திற்கு மேல் வைத்திருந்தால், அதே கொலாஜன் உருகிக் கூழாகித் தசையிழைகளை நனைக்கிறது. முரட்டு இறைச்சி மெல்லிறைச்சி ஆகிறது. ஊறவைக்கும் சாந்தின் மணப்பொருள்களோ மேற்புறத்தில் ஒருசில மில்லிமீட்டர் ஆழமே செல்லும். உப்பு ஒன்றே அதனினும் ஆழமாக இறங்கும். ஆகவே இறைச்சியை மெதுவாக்குவது சாந்தன்று, காலமே.

புகைக்கும் இதில் பங்குண்டு. மரத்திலுள்ள 'லிக்னின்' என்னும் பொருள் வெப்பத்தால் சிதையும்போது மணமும், நுண்ணுயிர்களைத் தடுக்கும் ஆற்றலும் உடைய ஆவிகள் எழுகின்றன. எரியும் விறகிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு வாயு, தசையிலுள்ள 'மயோகுளோபின்' என்னும் நிறப்பொருளோடு கூடி, மேற்பரப்பின் கீழே சிவந்த வளையம் ஒன்றைத் தோற்றுவிக்கிறது. இன்று அவ்வளையத்தைக் கண்டு சுவைஞர் மகிழ்கின்றனர். ஆனால் தொடக்கத்தில் மனிதர் புகையை நாடியது சுவைக்காக அன்று; வேட்டையில் கிடைத்தது கெடாமல் நாளைக்கும் இருக்கவேண்டும் என்பதற்காகவே. நம் நாட்டு உப்புக்கண்டத்தை வெயில் காத்தது. ஈரக்காற்று வீசும் நிலங்களில் அப்பணியைப் புகை செய்தது.

கொலம்பசு 1492-இல் கரீபியக் கடலின் தீவுகளை அடைந்தபோது, அங்கே டைனோ என்னும் மக்கள் வாழ்ந்தனர். அவர்கள் கழிகளை நட்டு, குறுக்கே கோல்களைப் பரப்பி, நம் ஊர்ப் பரணைப் போன்ற ஒன்றை அமைத்தனர். அதன்மேல் மீனையும் இறைச்சியையும் வைத்துக் கீழே மெல்லிய தீ மூட்டினர். அப்பரணுக்கு அவர்கள் இட்ட பெயர் 'பார்பக்கோவா'. ஒவியேதோ என்னும் எசுப்பானிய வரலாற்றாசிரியர் 1526-இல் வெளியிட்ட நூலில் இச்சொல் இடம்பெற்றது. அதுவே பின்னர் ஆங்கிலத்தில் 'பார்பிக்யூ' ஆயிற்று.

இங்கே நாம் சற்று நிற்றல் வேண்டும். அம்மை முதலிய புதுநோய்களாலும், சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் செய்விக்கப்பட்ட கட்டாய உழைப்பாலும், அரை நூற்றாண்டுக்குள் அம்மக்களுள் மிகப் பெரும்பாலோர் மாண்டனர். அவர்கள் குருதி வழி வந்தோர் இன்றும் அத்தீவுகளில் உளர். ஆயினும் அவர்தம் அரசும் ஊர்களும் அழிந்தன. அவர்கள் பரணின் பெயர் மட்டும் உலகெங்கும் வழங்குகிறது. அச்சொல்லை நாவில் வைத்திருப்போருள் அது யாருடைய சொல் என்பதை அறிந்தவர் சிலரே.

அத்தீவுகளில் முன்பு மாடுகள் இல்லை. 1493-இல் தம் இரண்டாம் பயணத்தின்போது கொலம்பசே மாடுகளையும் பன்றிகளையும் எசுபானியோலாத் தீவுக்குக் கப்பலில் கொண்டுவந்தார். புல் மிகுந்த அந்நிலத்தில் அவை பெருகின. 1605, 1606-ஆம் ஆண்டுகளில் எசுப்பானிய ஆளுநர் ஒசோரியோ, அயல்நாட்டாரோடு நிகழ்ந்த கள்ள வாணிகத்தை ஒழிக்கும்பொருட்டுத் தீவின் வடமேற்குப் பகுதியிலிருந்த ஊர்களை எரித்து மக்களைப் பெயர்த்தார். மக்கள் போயினர், மாடுகள் நின்றன. காட்டு மந்தைகளான அவற்றை வேட்டையாடப் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயருமாகப் பலர் வந்து சேர்ந்தனர். அவர்களுள் கப்பலைவிட்டு ஓடியவரும் உண்டு. ஒப்பந்தக் கூலிக்கட்டிலிருந்து தப்பியவரும் உண்டு.

இவ்வேடர்கள் இறைச்சியைக் கீற்றுகளாக அரிந்து, மரப்பரணில் இட்டுப் புகையேற்றி, தோலோடும் கொழுப்போடும் கடந்துசெல்லும் கப்பல்களுக்கு விற்றனர். அப்பரணைத் தென்னமெரிக்கப் பழங்குடியினரின் சொல் ஒன்றின்வழி 'பூக்கான்' என்று பிரெஞ்சுக்காரர் அழைத்தனர். பூக்கானில் இறைச்சி வாட்டியவர் 'பூக்கானியே' ஆயினர்; ஆங்கிலத்தில் 'பக்கனீர்' ஆயினர். எசுப்பானியர் இவர்களை ஒழிக்க முயன்று மந்தைகளையும் அழித்தபோது, பிழைப்பிழந்த வேடர் பலர் தோர்த்துகா என்னும் சிறுதீவைத் தளமாகக் கொண்டு எசுப்பானியக் கப்பல்களைக் கொள்ளையிடலாயினர். அவர்களோடு வாழ்ந்த எக்சுகுவெமெலின் எழுதிய நூல் 1678-இல் ஆம்சுடர்டாமில் டச்சு மொழியில் வெளிவந்தது. இன்று கதைகளிலும் திரைப்படங்களிலும் நாம் காணும் அஞ்சத்தக்க கடற்கொள்ளையரின் பெயர், இறைச்சிக்குப் புகையூட்டிய ஒரு பரணின் பெயரே!

சாந்தில் ஊறவைத்துப் புகையூட்டும் வழக்கமும் அக்கடற்பகுதியில் வேரூன்றியிருந்தது. 1722-இல் பயணநூல் வெளியிட்ட லாபா என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், மார்த்தினீக் தீவில் நிகழ்ந்த பூக்கான் விருந்து ஒன்றை விரித்துரைக்கிறார். பன்றியின் உள்ளே எலுமிச்சைச் சாறும் உப்பும் மிளகாயும் மிளகும் நிரப்பி, மெல்லிய கனலில் நெடுநேரம் வாட்டினராம்.

இனி, வட அமெரிக்காவின் தென்பகுதிக்குச் செல்வோம். ஆங்கிலேயக் குடியேற்றங்களில் பார்பிக்யூ பெருவிருந்தாயிற்று. நீண்ட குழி வெட்டி, ஓக், இக்கரி முதலிய வன்மரங்களை எரித்துக் கனலாக்கி, குழியின்மேல் இறைச்சியைக் கிடத்துவர். ஊர்த் திருவிழாவிலும் தேர்தல் கூட்டத்திலும் இவ்விருந்து உண்டு. பின்னாளில் குடியரசின் முதல் தலைவரான சார்ச்சு வாசிங்டன், 1769-இல் அலெக்சாந்திரியா நகரில் பார்பிக்யூ ஒன்றுக்குச் சென்றதைத் தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். விருந்தினர் பெயரை நாம் அறிவோம். குழி வெட்டியவர், விறகு பிளந்தவர், கனல் அள்ளியவர், இறைச்சியைப் புரட்டியவர் பெயர்களை அறியோம். தென்னாட்டு விருந்துகளில் அப்பணி பெரும்பாலும் ஆப்பிரிக்க அடிமைகளின் தலைமேல் விழுந்தது.

ஆயினும் ஒருவர் பெயரேனும் நமக்குக் கிடைத்திருக்கிறது. 1936 முதல் 1938 வரை, அமெரிக்க அரசின் எழுத்தாளர் திட்டத்தார், அடிமைநிலையில் பிறந்து அந்நாளில் உயிரோடிருந்த முதியோரை நாடிச்சென்று, அவர்தம் வாய்மொழிகளை எழுதிக்கொண்டனர். இரண்டாயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட அவ்வாக்குமூலங்களுள் தென் கரோலினாவைச் சேர்ந்த வெசுலி சோன்சு என்பவருடையதும் ஒன்று. அப்போது அவர் தொண்ணூறு வயதைக் கடந்தவர். விருந்துக்கு முந்திய இரவு முழுவதும் தாம் கண்விழித்து இறைச்சி வாட்டியதை அவர் கூறுகிறார். காடி, மிளகு, மிளகாய், உப்பு, வெண்ணெய், கொத்தமல்லி, வெங்காயம், பூண்டு ஆகியவை கலந்த சாற்றில், நீண்ட கோலில் சுற்றிய துணியைத் தோய்த்துத் தோய்த்து இறைச்சியின்மேல் தடவிக்கொண்டே இருந்தாராம். வழிந்த சாறு கனலில் சொட்டும். மணம் ஏறிய புகை மேலெழும். அப்புகை மீண்டும் இறைச்சியில் படியும். இவ்வாறு விடியும்வரை.

இதனை நான் முதன்முதல் படித்தபோது, அந்த முதியவரின் சொற்களில் இருந்த தெளிவு என்னை வியக்கச் செய்தது. சாறு புகையாகி மீளும் முறையை அவர் ஒரு கலைஞராகவே அறிந்திருந்தார். அறிவு அவருடையது, உழைப்பு அவருடையது, இரவும் அவருடையது. ஆனால் உரிமை அவருடையதாக இருக்கவில்லை. அடிமைமுறையின் கொடுமையைச் சாட்டையில் மட்டும் காண்கிறோம். ஒருவனது திறமைக்குப் பிறன் உரியவனாகும் நிலையிலும் அக்கொடுமை உறைந்திருந்தது.

1865 சூன் 19-ஆம் நாள், டெக்சாசு மாநிலத்துக் கால்வெசுடன் நகரில் அடிமைகளின் விடுதலை அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு முதல் அந்நாளைக் கொண்டாடத் தொடங்கிய கறுப்பின மக்களின் விருந்தில் பார்பிக்யூ சிறப்பிடம் பெற்றது. பிறர் விருந்துக்கு மூட்டிய தீயை அவர்கள் தம் விருந்துக்கு மூட்டினர். 2021-இல் அந்நாள் நாடு முழுமைக்குமான விடுமுறை நாளாகச் சட்டமாக்கப்பட்டது.

டெக்சாசு மாட்டு மந்தைகளின் நாடு. அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் செருமானியரும் செக்கு நாட்டவரும் குடியேறி இறைச்சிக்கடைகள் வைத்தனர். எல்கின் ஊரில் 1882-இலும் லாக்கார்ட்டு ஊரில் 1900-இலும் தோன்றிய கடைகள் இன்றும் பெயர்பெற்றவை. குளிர்ப்பெட்டி இல்லாத காலம். விற்காமல் எஞ்சிய இறைச்சியைக் கடைக்காரர் புகையிலிட்டுக் காத்தனர். பருத்தி பறிக்க வந்த கறுப்பினத்தாரும் மெக்சிகரும் அதனைத் தாளில் பொதிந்து வாங்கிக் கையால் உண்டனர். பின்னர் 1960-களின் இறுதியில், மாட்டை முழுதாக விற்காமல் பகுதி பகுதியாகப் பெட்டியிலிட்டு விற்கும் முறை பரவியது. கடைக்காரர் தமக்கு வேண்டிய நெஞ்சுத் துண்டத்தை மட்டும் மலிவாகப் பெறலாயினர். எவரும் விரும்பாத முரட்டுத் துண்டம் டெக்சாசின் பெருமையாயிற்று. அங்கும் விடியுமுன் எழுந்து தீயைக் காக்கும் ஆள் ஒருவர் வேண்டியிருந்தது.

அந்தக் காவலை முடித்துவைத்தது, சமையலோடு தொடர்பே இல்லாத ஒரு நிகழ்ச்சி. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. சில திங்களில் எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. குளிர்நாட்டில் வீட்டை வெப்பமாக்க வேறு எரிபொருள் தேடினர். அமெரிக்காவின் வடமேற்கில் மரம் அறுக்கும் ஆலைகள் மிகுதி. அவற்றின் மரத்தூள் குவிந்து கிடந்தது. அதனை உலர்த்தி, பேரழுத்தத்தில் சிறு துளைகளின் வழியே செலுத்தினால், மரத்திலுள்ள லிக்னினே இளகிப் பசையாகி, ஆறு மில்லிமீட்டர் அளவு தடிப்புள்ள உருளைகளாக இறுகும். இவ்வாறு கழிவு எரிபொருளாயிற்று.

ஒரிகன் மாநிலத்து மவுண்ட் ஏஞ்சல் என்னும் சிற்றூரில், வீடுகளுக்கு வெப்ப அடுப்புகள் அமைக்கும் தொழில் செய்த சோ திரேகர் என்பவர், 1980-களின் நடுவில் அதே உருளைகளால் எரியும் சமையல் அடுப்பை உருவாக்கிக் காப்புரிமையும் பெற்றார். அதன் அமைப்பு எளிது. பெட்டியிலுள்ள உருளைகளைத் திருகுத்தண்டு ஒன்று சிறிது சிறிதாகத் தீக்கிண்ணத்திற்குத் தள்ளுகிறது. மின்சாரத்தால் பழுக்கும் கோல் அவற்றைப் பற்றவைக்கிறது. விசிறி காற்றூட்டிப் புகையைப் பரப்புகிறது. இன்றைய அடுப்புகளில் வெப்பமானி உள்ளிருக்கும் சூட்டை அளந்துகொண்டே இருக்கிறது. குறைந்தால் தண்டு சுழல்கிறது, மிகுந்தால் நிற்கிறது. வெசுலி சோன்சின் கண்ணும் கையும் செய்த தீக்காவலை இங்கே தண்டும் விசிறியும் செய்கின்றன.

இப்பொறியால் இழப்பும் உண்டு. உருளைகள் முழுமையாக எரிவதால் புகைமணம் விறகடுப்பினும் மென்மையானதே. மின்சாரம் நின்றால் அடுப்பும் நிற்கும். எனினும் இரவெல்லாம் ஒருவர் விழித்திருக்கத் தேவையில்லாமல் செய்த பொறியை நான் குறைகூற மாட்டேன். உழைப்பின் சுமையைக் குறைக்கும் எந்தக் கருவியும் வரவேற்கத்தக்கதே.

நான் வேண்டுவது ஒன்றே. பொறியைச் செய்தவரின் பெயர் காப்புரிமை ஏட்டில் இருக்கிறது, அது முறையே. ஆனால் மெல்லிய தீயின் அளவையும், ஊறலின் பக்குவத்தையும், புகையின் இயல்பையும் கண்டறிந்தவர்களுக்கு ஏடு இல்லை. டைனோ மக்களுக்கு ஒரு சொல் மட்டும் எஞ்சியது. காட்டு வேடருக்குக் கொள்ளையர் என்னும் பெயர் எஞ்சியது. எண்ணற்ற அடிமைகளுக்கு அதுவும் எஞ்சவில்லை. சோன்சு போன்ற சிலர் குரல் நமக்குக் கேட்பதும், யாரோ ஒருவர் எழுதுகோலோடு சென்று கேட்டதனால்தான். கேட்பது இன்னும் பத்தாண்டு தாழ்ந்திருந்தால் அக்குரல்களுள் பல என்றென்றைக்கும் அடங்கிப்போயிருக்கும்.

வரலாறு பயிலும் இளைஞர்களாகிய நீங்கள், ஒரு பொருளைக் கண்டால் அதனைச் செய்தவர் யார் என்று கேட்கப் பழகியிருக்கிறீர்கள். அதனோடு, அப்பொருள் வருமுன் அவ்வேலையைச் செய்தவர் யார் என்றும் கேளுங்கள். விடை நூலில் இல்லையெனில், அறிந்த முதியவர் எவரேனும் இருக்கும்போதே சென்று கேட்டு எழுதிவையுங்கள்.