சீரின்மை: ஒரு சொல்லும் பிரபஞ்சத்தின் கதையும்

'சீரின்மை' என்ற சொல்லைக் கண்டதும் நம்ம மாணவர்கள் பலர் 'சீர்கேடு' என்று பொருள் எழுதிடுறாங்க. அறிவியல் பகுதியில் அது பொருந்தாது. சீர் + இன்மை = சீரின்மை; இயல்புப் புணர்ச்சி. இங்கே சீர் என்பது ஒரே அளவாக இருப்பது. 'சீரான வேகம்' என்று சொல்கிறோமே, அதே சீர். ஆகவே, சீரின்மை என்றால் இடத்துக்கு இடம் அளவு வேறுபடுவது. அது குறை சொல்லும் சொல் அல்ல. அளந்து எண்ணால் காட்டக்கூடிய பண்பு.

இதற்கு வரலாற்றில் நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 1964-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆர்னோ பென்சியாசும் இராபர்ட் வில்சனும் ஒரு வானொலி அலைவாங்கியைச் சோதித்தார்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே இரைச்சல். உள்ளே கிடந்த புறா எச்சத்தைக்கூடத் துடைத்துப் பார்த்தார்கள், இரைச்சல் போகவில்லை. அது பிரபஞ்சத்தின் தொடக்ககால வெப்பத்தின் மிச்சம் என்று 1965-இல் தெரிய வந்தது. 1978-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால், அதிலேயே ஒரு சிக்கல். எல்லாத் திசையிலும் ஒரே வெப்பநிலை என்றால், தொடக்கத்தில் பொருள் எங்கும் சமமாகப் பரவியிருந்தது என்றாகிறது. முழுக்கச் சமமாக இருந்தால், ஈர்ப்பு விசை எந்த இடத்தில் பொருளைத் திரட்டும்? விண்மீன், கோள், நாம் எல்லாம் எப்படி வந்தோம்? எங்கோ கொஞ்சமாவது சீரின்மை இருந்தே ஆகவேண்டும். அது கிடைக்காவிட்டால் பெருவெடிப்புக் கொள்கையே கேள்விக்குள்ளாகிவிடும். ஆண்டுக்கணக்கில் தேடினார்கள்.

1989 நவம்பரில் நாசா 'கோபி' செயற்கைக்கோளை ஏவியது. 1992 ஏப்ரலில் ஜார்ஜ் ஸ்மூட் குழுவினர் விடையை அறிவித்தார்கள். சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 2.7 கெல்வின், இடத்துக்கு இடம் உள்ள வேறுபாடு சுமார் 100,000-இல் 1 பங்கு. அவ்வளவுதான்! ஆனால், அதுவே போதுமானதாக இருந்தது. சற்றே அடர்த்தி கூடிய இடங்கள் பக்கத்துப் பொருளை இழுத்து, மேலும் அடர்ந்து, கோடிக்கணக்கான ஆண்டுகளில் விண்மீன் மண்டலங்களாயின. ஸ்மூட்டும் ஜான் மேத்தரும் 2006-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

மாணவர்களே, தேர்வில் இச்சொல்லை வாக்கியத்தில் அமைக்கும்போது எது, எங்கே வேறுபடுகிறது என்று காட்டுங்கள். எடுத்துக்காட்டு: தொடக்ககால வெப்பநிலையில் காணப்பட்ட சிறு சீரின்மை, விண்மீன் மண்டலங்கள் தோன்றிய விதத்தை விளக்குகிறது. கழிவுநீர் கலந்த ஆற்றைப் பற்றி எழுதும்போது மட்டும் 'சீர்கேடு' என்றே எழுதுங்க. அங்கே கெட்டிருப்பது உண்மை. இங்கே கெட்டது எதுவுமில்லை, உருவானதே அதிகம்.