திண்டுக்கல் கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆய்வு

2000-இல் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் தொடங்கிய தடுப்பு முயற்சி. அம்பிளிக்கை கிறிஸ்தவ ஐக்கியச் சமுதாய நல மையம், அடையாறு புற்றுநோய் நிலையம், பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஆகியவை முக்கியப் பங்காளிகள். 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்கு நோயைப் பற்றி எடுத்துச் சொல்லி, பரிசோதனைக்கு அழைத்தனர்.

பரிசோதனையைச் செய்தவர்கள் இதற்கெனப் பயிற்சி பெற்ற செவிலியர்கள். நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரின் புளிப்புப் பொருளை, கருப்பைவாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். மாற்றமடைந்த திசு வெள்ளையாகத் தெரியும். ஆய்வகமும் வேண்டாம், முடிவுக்கு வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். தேவைப்பட்டோருக்குக் கிரையோதெரபி என்னும் உறைய வைக்கும் சிகிச்சையையும் செவிலியர்களே அளித்தனர்.

அழைக்கப்பட்ட 49,311 பேரில் 31,343 பேர் வந்தனர். வெளியில் பேசவே கூசும் உறுப்பைப் பற்றிய பரிசோதனைக்கு இது பெரிய எண்ணிக்கைதான். 2007-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான முடிவின்படி, பரிசோதனைக்கு அழைக்கப்படாத ஒப்பீட்டுக் குழுவைவிட அழைக்கப்பட்டோரிடையே நோய் 25 விழுக்காடும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன. ஒப்பீட்டுக் குழுப் பெண்களுக்கு இப்பரிசோதனை தரப்படாதது பின்னாளில் அறநெறி சார்ந்த விமர்சனத்துக்கு உள்ளானது.